கட்டி முடித்த படிப்புக் கடனின் கணக்கைத் தேடிய கதை

படிப்புக்கு எடுத்த கடனைக் கட்டி முடித்து எட்டு வருடம் கழிந்த பிறகு, "உங்களுக்கு இன்னும் பாக்கி இருக்கிறது" என்று ஒரு அறிக்கை வந்தால் என்ன செய்வது? 2023 கடைசியில் எனக்கு இதுதான் நடந்தது. அதைத் தீர்த்து முடிக்கக் கிட்டத்தட்ட ஒரு வருடம் போனது. காசும் போனது, நித்திரையும் போனது. எந்தக் கதவை முதலில் தட்ட வேண்டும் என்று சொல்ல அப்போது ஒருவரும் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் படிப்புக்காகக் கடனும் உதவிப்பணமும் வாங்கியவர்கள் ஏராளம் என்பதால் எழுதிவைக்கிறேன்.

உயர்தரத்தில் என்னுடைய இசட் புள்ளி மாவட்ட வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. பல்கலைக்கழகம் இல்லை என்றானதும் கொழும்பில் கணக்கியல் சார்ந்த ஒரு தொழில்முறைப் படிப்புக்குப் பதிந்தேன். 2010இல் யாழ் நகரத்தில் இருந்த ஒரு வங்கிக் கிளையில் நான்கு இலட்சம் ரூபாய் கல்விக் கடன் எடுத்தோம். பிணையாளிகள் இரண்டு பேர். ஒருவர் அப்போது கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், வேலை செய்த என் சித்தப்பா, மற்றவர் அம்மாவோடு படிப்பித்த ஒரு ரீச்சர். வேலை கிடைத்ததும் மாதம் மாதம் கட்டினேன். 2015 கடைசியில் 62,000 ரூபாய் அளவில் மிச்சம் இருந்தபோது, நான் படித்த பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்க லண்டன் கிளை, கடனோடு படித்த பிள்ளைகளுக்கு உதவுகிறோம் என்று 300 பவுண் தந்தது. என் கையில் தராமல் நேரே வங்கிக்கே அனுப்பினார்கள். மாதக் கழிவு நின்றது. கிளைக்குப் போய்க் கேட்டேன், "முடிஞ்சுது மிஸ், கடிதம் தபாலிலை வரும்" என்றார் கவுண்டரில் இருந்தவர். கடிதம் வரவில்லை. அடுத்த முறை கேட்டபோது அந்த ஆள் மாற்றலாகிப் போயிருந்தார்.

அப்போது நாங்கள் கொக்குவிலில் வாடகை வீட்டில் இருந்தோம். எங்கள் சொந்த இடம் மயிலிட்டி. 2017இல் அங்கே இராணுவத்திடம் இருந்து காணிகள் விடுபட்டபோது நாங்களும் திரும்பிப் போனோம். அதற்குப் பிறகு வங்கி ஏதும் கடிதம் போட்டிருந்தால் அது கொக்குவில் வாடகை வீட்டுப் படலைக்குத்தான் போயிருக்கும்.

2023இல் மயிலிட்டிக் காணியில் வீடு கட்ட வேறொரு வங்கியில் கடன் கேட்டேன். மனேஜர் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு, பிரச்சினை இல்லை, வேலையைத் தொடங்குங்கோ என்றார். அத்திவாரம் வெட்டினோம். மேசனுக்கு 50,000 ரூபாய் அட்வான்ஸ். விலை ஏறப்போகிறது என்று எல்லோரும் சொன்னதால் 40 பை சீமெந்தும் இறக்கினோம். அப்புறம்தான் கிரிப் அறிக்கை வந்தது. இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கையைத்தான் எல்லோரும் கிரிப் என்கிறோம். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் உண்டான அமைப்பு அது. எந்த வங்கியும் கடன் கொடுக்குமுன் அதைத்தான் பார்க்கிறது. அதில் என் கல்விக் கடன் நிலுவை என்று கிடந்தது. தண்ட வட்டியோடு 1,87,000 ரூபாய். "இதை முடிச்சுக்கொண்டு வாங்கோ மிஸ்" என்று மனேஜர் அறிக்கையை என் பக்கம் தள்ளினார். அவரில் பிழை இல்லை. ஆனால் அந்த மேசைக்கு முன்னால் இருந்தபோது கடன் ஏமாற்றின ஆள் மாதிரி எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது.

அதைவிடப் பெரிய அடி வீட்டில் காத்திருந்தது. சித்தப்பாவுக்குச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. மகளின் கலியாணத்துக்கு அவர் ஒரு கடன் கேட்டுப் போனபோது, பிணையாளியாக நின்ற என் கடன் அவருடைய அறிக்கையிலும் காட்டியிருக்கிறது. அதைச் சொன்னால் பிள்ளை மனம் நோகும் என்று மூடிவைத்துவிட்டு, சித்தியின் நகையை அடைவு வைத்துக் கலியாணத்தை முடித்திருக்கிறார். அந்தக் கலியாணத்தில் நான் சாறி கட்டி நின்று படம் எடுத்திருக்கிறேன். அன்றிரவு நான் அழுதது வீட்டுக் கடனுக்காக இல்லை.

சித்தப்பாவும் அம்மாவும் ஒரே பேச்சு: "கட்டிப்போட்டு விடு பிள்ளை, மானம் போகுது." உறவுக்குள் கதை பரவ முதல் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். நானும் கட்டத்தான் போனேன். ஒரு சட்டத்தரணி நண்பி தடுத்தாள். எழுத்தில் செய்த கடனுக்கு வழக்குப் போட எங்கள் காலாவதிச் சட்டத்தில் 6 வருடம்தான் எல்லை என்றாள். ஆனால் நடுவில் ஒரு தொகை கட்டினாலோ, கடன் இருப்பதாக எழுதிக் கொடுத்தாலோ அந்த 6 வருடம் திரும்ப முதலில் இருந்து ஓடத் தொடங்கக்கூடும். வழக்குப் போட முடியாமல் போனாலும் அறிக்கையில் நிலுவை அப்படியே கிடக்கும், பிணையாளிக்கும் தலையிடி தீராது. ஆகவே காலாவதியை நம்பிச் சும்மா இருப்பதும் சரிவராது, கணக்குப் பார்க்காமல் கட்டுவதும் சரிவராது. முதலில் முழுக் கணக்கறிக்கையை எழுத்தில் கேள் என்றாள். அவளுக்குக் கொடுத்த 15,000 ரூபாய்தான் இந்த விஷயத்தில் நான் வீணாக்காத காசு.

எல்லாவற்றுக்கும் முதல் உங்கள் சொந்தக் கடன் அறிக்கையை நீங்களே எடுங்கள். அடுத்த வங்கியின் மனேஜர் கையில் இருப்பதை எட்டிப் பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டியதில்லை. எந்த வங்கிக் கிளை மூலமாகவும் விண்ணப்பிக்கலாம், கட்டணமும் பெரிதில்லை. கடன் எந்தத் தேதியில் எடுத்தது, எந்தக் கிளை அறிவித்தது, நீங்கள் கடனாளியா பிணையாளியா என்பதெல்லாம் அதில் இருக்கும். பலருக்கு விளங்காத இன்னொன்று: அந்தப் பணியகம் யாரையும் கறுப்புப் பட்டியலில் போடுவதில்லை. வங்கி அனுப்பும் தரவைச் சேர்த்துவைத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். பிழை என்று அங்கே முறைப்பாடு கொடுத்தாலும், திருத்த வேண்டியது தரவை அனுப்பிய வங்கிதான். ஆகவே கொழும்புக்குப் பஸ் ஏறிப் பிரயோசனம் இல்லை. சண்டை கிளையோடுதான்.

கிளைக்குப் போனேன். பழைய கட்டடத்தில் இருந்து புதிய கட்டடத்துக்கு மாறியிருந்தார்கள், கொம்பியூட்டர் முறையும் மாறியிருந்தது. அடையாள அட்டையைக் கொடுத்தேன். தட்டிப் பார்த்துவிட்டு, "உங்கடை பெயரிலை கடனே இல்லை" என்றார்கள். ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது. நான் கடன்காரி என்று ஊருக்கே சொல்லும் வங்கிக்கு, நான் நேரில் வந்தால் என்னைத் தெரியவில்லை!

காரணம் அடையாள அட்டை எண். 2016இல் இருந்து 12 இலக்க எண் வந்தது தெரியும்தானே. என் பழைய அட்டை தொலைந்து புதிது எடுத்தபோது எனக்கும் 12 இலக்கம் வந்தது. கடன் எடுத்தது 9 இலக்கமும் வி எழுத்தும் உள்ள பழைய எண்ணில். பழையது மறந்துவிட்டால் கவலை வேண்டாம், புதியதில் இருந்தே கண்டுபிடிக்கலாம். முன்னால் உள்ள 19ஐ வெட்டுங்கள். மிஞ்சும் பத்து இலக்கங்களில் ஐந்தாவது இலக்கத்துக்கு அடுத்து வரும் பூச்சியத்தை எடுத்துவிடுங்கள். கடைசியில் வி சேருங்கள். பழைய எண் வந்துவிடும். அந்த எண்ணில் தேடியதும் என் கணக்குக் குதித்து வந்தது. பழைய பதிவு தேடிப்போகும் எவரும் இரண்டு எண்களையும், தங்கள் பெயர் ஆங்கிலத்தில் எப்படியெல்லாம் எழுதப்பட்டிருக்கக்கூடும் என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போக வேண்டும். எங்கள் பெயர்களுக்கு ஒரு நிரந்தர ஆங்கில எழுத்து இருப்பதில்லை. பிறப்புச் சான்றிதழில் ஒன்று, பரீட்சைச் சான்றிதழில் ஒன்று, வங்கியில் இன்னொன்று. தகப்பன் பெயர் முன்னுக்கா பின்னுக்கா என்பது ஒவ்வொரு உத்தியோகத்தரின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது.

கணக்கு வந்தது, ஆனால் புதிய முறைக்கு மாறிய நாளில் இருந்து மட்டும்தான். "ஆரம்ப மீதி" என்று ஒரு தொகை, அதன்மேல் வட்டி, அதன்மேல் தண்டம். அதற்கு முந்தியது எங்கே? கோவை களஞ்சியத்துக்குப் போய்விட்டது, ஆறு வருடத்துக்கு மேல் வைத்திருக்கத் தேவையில்லை, அழித்தும் இருக்கலாம் என்றார்கள். ஆறு வருடம் என்பது அவர்கள் சும்மா சொன்னதில்லை. 2006ஆம் ஆண்டின் நிதிக் கொடுக்கல்வாங்கல்களை அறிக்கையிடும் சட்டம் வங்கிகளை அவ்வளவு காலம் பதிவுகளை வைத்திருக்கச் சொல்கிறது. எனக்கோ கோபம் தலைக்கேறியது. நான் கட்டியதற்கான பதிவு அழிந்துவிட்டதாம், நான் கட்டவில்லை என்பதற்கான பதிவு மட்டும் வட்டியோடு உயிரோடு இருக்கிறதாம். அந்த வாக்கியத்தை அப்படியே கடிதத்தில் எழுதிக் கொடுத்தேன்: ஆரம்ப மீதி சரி என்பதை எந்த ஆவணத்தைக் கொண்டு உறுதிப்படுத்துகிறீர்கள்? வாயால் கேட்டபோதெல்லாம் கையை விரித்தவர்கள், கடிதத்தின் பிரதியில் சீல் குத்தித் தரச் சொன்னதும் உள்ளே போய் ஒருவரோடொருவர் கதைத்தார்கள். இந்த ஊரில் வங்கியிலும் கந்தோரிலும் முகத்துக்கு முகம் நன்றாகத்தான் கதைப்பார்கள், தண்ணீரும் தருவார்கள். ஆனால் சீல் விழாத பேச்சுக்கு அடுத்த நாள் உயிர் இருக்காது.

இதற்கிடையில் வீட்டில் இருந்த பையைக் கொட்டித் தேடினேன். யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் அந்தப் பை எது என்று சொல்லத் தேவையில்லை. 1995 இடப்பெயர்வில் அம்மா தோளில் கொழுவிக்கொண்டு போன அதே பை. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், ஐயாவின் இறப்புச் சான்றிதழ், என் பரீட்சைப் பெறுபேறுகள் எல்லாம் இருந்தன. 2015க்கு முந்திய மாதக் கட்டணங்களின் பற்றுச்சீட்டுகளும் கனக்க இருந்தன. அவற்றைக் கூட்டிப் பார்த்ததும் ஒன்று தெளிவானது: நான் கட்டியதெல்லாம் கணக்கில் ஏறியிருக்கிறது. குறைவது அந்தக் கடைசித் தொகை மட்டும்தான். அதாவது லண்டன் காசு வந்து சேரவேயில்லை, அல்லது வந்து எங்கேயோ நிற்கிறது. தேட வேண்டிய பொருள் முழுக் கடனில் இருந்து ஒரேயொரு வரவாகச் சுருங்கியது பெரிய ஆறுதல். மீதிப் பதிவுகள் வரும்வரை வங்கியோடு முட்டிக்கொண்டிருக்காமல், உங்களிடம் இருப்பதைக் கூட்டிப் பார்த்து எந்தத் தொகை இடிக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

லண்டன் கிளையில் அப்போது பொருளாளராக இருந்த ஐயா இப்போது பொறுப்பில் இல்லை. வட்ஸ்அப் குழுக்கள் வழியாக ஆளைப் பிடித்தேன். அங்கேயும் வங்கி அவ்வளவு பழைய கூற்றைக் கொடுக்கவில்லை. அறக்கட்டளைக் கணக்குகளையும் அங்கே ஆறு வருடம் வைத்திருந்தால் போதும். "பொறு பிள்ளை, கூட்ட அறிக்கைப் புத்தகம் இருக்கு" என்றார். எங்கள் ஆட்கள் எதை மறந்தாலும் சென்ற கூட்ட அறிக்கை வாசிப்பதை மறக்க மாட்டார்கள், அதற்கு நான் இனிமேல் சிரிக்க மாட்டேன். புத்தகத்தில் என் பெயர், தொகை, எந்தக் கிளைக்கு, தேதி எல்லாம் இருந்தன. பக்கத்தோடு ஒட்டியபடி அனுப்பிய பற்றுச்சீட்டின் பிரதி, அதில் பரிமாற்ற இலக்கம். இரண்டையும் படமெடுத்து அனுப்பினார். அந்தச் சீட்டில் என் பெயரின் முதலெழுத்து மாறி, கடன் கணக்கின் இலக்கத்துக்குப் பதிலாகப் பள்ளிக்கூடச் சேர்விலக்கம் இருந்தது. சங்கங்களிடமோ வெளிநாட்டு உறவுகளிடமோ உதவி பெற்றவர்கள் வங்கிக் கூற்றை மட்டும் கேட்காதீர்கள். கூட்ட அறிக்கை, வருடாந்தக் கணக்கறிக்கை, நன்றி சொல்லி நீங்கள் அனுப்பிய கடிதம், எதுவானாலும் கேளுங்கள். தேதியும் தொகையும் கிடைத்துவிட்டால் பாதி முடிந்தது. பெயரை வைத்துத் தேடினால் கிடைக்காதது தேதியையும் தொகையையும் வைத்துத் தேடினால் கிடைக்கும்.

கிளை அப்போதும் அசையவில்லை. என்னுடையது அரச வங்கி என்பதால் இன்னொரு வழி இருந்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு. தனியார் வங்கியென்றால் இந்த வழி கிடையாது. இலங்கைக் குடியுரிமை இல்லாதவர்களும் விண்ணப்பிக்க முடியாது. நான் "என் கடன் பற்றிய எல்லாத் தகவலும் தாருங்கள்" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் அதேபோல் பொதுவான பதில்தான் வரும். மூன்று கேள்விகள்தான் எழுதினேன்: இன்ன தேதியில் இன்ன இலக்கத்தில் லண்டனில் இருந்து வந்த தொகை எந்தக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது? உரிமை கோரப்படாத வரவாகத் தொங்கல் கணக்கில் போடப்பட்டிருந்தால் அதன் பதிவு என்ன? கணினி முறை மாறியபோது என் கடனின் ஆரம்ப மீதி எந்த ஆவணத்தில் இருந்து எடுக்கப்பட்டது?

தொங்கல் கணக்கு என்ற சொல்லை எழுதத் தெரிந்தது நான் படித்த படிப்பின் புண்ணியம். எந்தக் கணக்கில் போடுவது என்று தெரியாத காசை வங்கி தற்காலிகமாகப் போட்டுவைக்கும் இடம் அது. தற்காலிகம் எட்டு வருடமும் நீளலாம் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கவில்லை. பதில் கிளையில் இருந்து வரவில்லை, தலைமையகத்தில் இருந்து வந்தது. காசு 2015 டிசம்பரிலேயே வந்திருக்கிறது. 64,000 சொச்சம் ரூபாய். பெயரும் கணக்கிலக்கமும் பொருந்தாததால் தொங்கல் கணக்கில் போட்டிருக்கிறார்கள். பிறகு யாரும் அதைத் தொடவில்லை. அதே கிளையில் என் காசு ஒரு பக்கம் சும்மா கிடக்க, மறுபக்கம் எனக்குத் தண்ட வட்டி ஏறிக்கொண்டிருந்திருக்கிறது.

உடனே கடனை மூடுகிறோம் என்றார்கள். இங்கேதான் கவனம் தேவை. காசை இன்றைய தேதியில் வரவு வைத்தால் எட்டு வருட வட்டி அப்படியே என் தலையில் நிற்கும். வந்த தேதியிலேயே வரவு வைத்து, அதற்குப் பிறகு ஏறிய வட்டி, தண்டம் எல்லாவற்றையும் நீக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். முதலில் பாதியைத் தள்ளுபடி செய்கிறோம் என்றார்கள். தள்ளுபடி எனக்கு வேண்டாம், அது நான் கட்டாத கடனுக்குக் காட்டும் இரக்கம், எனக்கு வேண்டியது திருத்தம் என்றேன். ஒத்துவராவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடுவதென்றும், அதற்கடுத்து வங்கிகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடம் போவதென்றும் எழுதியிருந்தேன். இந்த இடங்களுக்குப் போகுமுன் வங்கிக்கு எழுத்தில் முறையிட்டிருக்க வேண்டும், சீல் குத்திய பிரதிகள் அங்கேதான் உதவும். அதுவரை போகத் தேவை வரவில்லை. திருத்தினார்கள். மிஞ்சிய சில்லறையை என் சேமிப்புக் கணக்கில் போட்டார்கள்.

அதற்குள் மாரி வந்து போய்விட்டது. தகரக் கொட்டிலுக்குள் அடுக்கியிருந்த 40 பை சீமெந்தும் இறுகிக் கல்லாகிவிட்டது, கிட்டத்தட்ட ஒரு இலட்சம். மேசன் வேறு வேலைக்குப் போய்விட்டார், அட்வான்ஸ் திரும்பவில்லை, அவரும் பாவம், அத்திவாரம் வெட்டிய கூலி அதற்குள் வரும். ஒன்றரை இலட்சத்தை அப்படிக் கணக்கெழுதி மூடினேன். லீவு போட்ட நாட்களை எண்ணவில்லை. அதை எண்ணினால் திரும்பவும் கோபம் வரும்.

கடனை மூடிய பிறகு மூன்று காகிதங்களைக் கேட்டு வாங்குங்கள். கடன் முற்றாகத் தீர்ந்தது என்ற கடிதம். பிணையாளிகள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விடுவித்ததாகத் தனிக் கடிதம். நீங்கள் ஒப்பமிட்ட மூல ஒப்பந்தம், அல்லது அது இல்லை என்றால் இல்லையென்று எழுத்தில். பிறகு ஒன்றிரண்டு மாதம் விட்டுக் கடன் அறிக்கையைத் திரும்ப எடுத்துப் பாருங்கள், பிணையாளியையும் எடுக்கச் சொல்லுங்கள். என்னுடையது திருந்தி வந்தபோது சித்தப்பாவுடையது திருந்தவில்லை. அதற்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. அந்த ரீச்சர் இப்போது கனடாவில் இருக்கிறார், அவருடைய கடிதத்தை வட்ஸ்அப்பில் அனுப்பியபோது, "ஓ, நான் அப்படி ஒண்டிலை கையெழுத்து வைச்சனானோ?" என்று பதில் வந்தது.

இந்தக் கதையைக் கேட்ட மச்சாள், பல்கலைக்கழகத்தில் படித்தபோது தனக்குக் கிடைத்த மகாபொல உதவிப்பணத்தின் பதிவை எப்படி எடுப்பது என்று கேட்டாள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் விண்ணப்பத்தில் முன்பு பெற்ற உதவிகளைக் காட்டச் சொல்லியிருந்தார்களாம். மகாபொலவும் பேசரி என்ற மற்ற உதவிப்பணமும் திருப்பிக் கட்டும் கடன் அல்ல, ஆகவே பயப்பட ஒன்றுமில்லை. மகாபொல 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தில் உண்டான நம்பிக்கை நிதியம் கொடுப்பது. ஆனாலும் கொழும்புக்கு எழுதுமுன் படித்த பல்கலைக்கழகத்தின் மாணவர் நலன்புரிப் பகுதியில் கேட்பது சுலபம். பதிவிலக்கமும் கல்வியாண்டும் சொன்னால் போதும். காசு விழுந்த சேமிப்புக் கணக்கின் பழைய பாஸ் புத்தகம் வீட்டில் கிடந்தால் அதுவும் சாட்சிதான். அவளுக்கு அது அம்மாவின் அலுமாரியிலேயே கிடைத்தது.

வெளிநாட்டில் இருந்துகொண்டு இதையெல்லாம் செய்ய வேண்டியவர்களுக்கு ஒன்று. அம்மாவையோ தம்பியையோ சும்மா வங்கிக்கு அனுப்பிப் பிரயோசனமில்லை, அடுத்தவர் கணக்கைப் பற்றி வங்கி வாயே திறக்காது. நீங்கள் இருக்கும் நாட்டின் இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்திய அற்றோர்ணித் தத்துவத்தை, அதாவது உங்களுக்குப் பதிலாக ஒருவர் அலுவல் பார்க்க அதிகாரம் கொடுக்கும் பத்திரத்தை அனுப்பி, இங்கே பதிவு செய்ய வேண்டும். அதில் "வங்கி அலுவல்கள்" என்று பொதுவாக எழுதாமல், கடன் பதிவுகளையும் கணக்கறிக்கைகளையும் பெறுவதற்கு என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். பொதுவாக எழுதிய ஒன்றோடு வந்து திருப்பி அனுப்பப்பட்ட ஒரு அம்மாவை நான் அந்தக் கிளையிலேயே கண்டேன். மகன் சுவிஸில், புதிய பத்திரம் வர இன்னும் இரண்டு மாதமாவது ஆகும் என்று சொல்லிக்கொண்டு நின்றார்.